தண்ணீருக்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்? எத்தியோப்பிய மொழிகளைக் காதால் பிரித்தறிய

எத்தியோப்பியாவுக்குப் பாடம் நடத்தக் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே என்ன பாஷை மேடம்?" என்பதுதான். 2010-இல் ஆர்பா மிஞ்ச் ஊரில் போய் இறங்கியபோது நானும் அதற்கு ஒற்றைப் பதில் வைத்திருந்தேன்: அம்ஹாரிக். பாளையங்கோட்டையில் பெட்டி கட்டும்போதே ஐம்பது அம்ஹாரிக் சொற்களை மனப்பாடம் செய்து, புளி, பெருங்காயத்தோடு அதையும் எடுத்துக்கொண்டு போனேன்.

முதல் வாரம், மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குத் திறந்த வாய்க்காலில் நீரோட்டம் பற்றிய வகுப்பு. அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்தே எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான். ஆனாலும் பிள்ளைகளுக்கு வாய் திறக்கக் கூச்சம். பேச்சை இழுக்கலாமே என்று, "இந்த வருஷம் முழுக்க நாம் ஒரே ஒரு பொருளைப் பற்றித்தான் பேசப்போகிறோம், தண்ணீர். அதற்கு உங்கள் வீட்டில் என்ன பெயர்?" என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் "வுஹா" என்றான். சரி, அது என் ஐம்பதில் இருந்தது. அடுத்தவள் "பிஷான்" என்றாள். ஜன்னலோரத்திலிருந்து "ஹாத்தா". அப்புறம் "மாய்". அப்புறம் "பியோ". கடைசி வரிசையில் ஒருத்தி எழுந்து "வா" என்றாள். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நான் ஓர் அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

வுஹா அம்ஹாரிக். மாய் திக்ரின்யா. பிஷான் ஒரோமோ. பியோ சோமாலி. என்னைக் கூப்பிட்ட "வா" சிடாமா. ஹாத்தா வொலாய்த்தா. ஒரே வகுப்பறையில் ஆறு மொழி, மூன்று குடும்பம். அன்றைக்கு வாங்கிய நாற்பது பக்க நோட்டு, ஐந்து வருடம் கழித்துக் கிளம்பும்போது மூன்று நோட்டாகியிருந்தது. நான் மொழியியல் படித்தவள் இல்லை. காதும் நோட்டும் மட்டும் இருக்கிறவர்களுக்கு எது உதவும், எது ஏமாற்றும் என்று பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கேட்கும் முறை

"நீ என்ன இனம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். நம் ஊரில் "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி. அந்த நாட்டில் மாநில எல்லைகளே பெரும்பாலும் மொழி, இன அடிப்படையில் போடப்பட்டவை. அதை ஒட்டி நடந்த சண்டைகளில் உறவினர்களை இழந்த மாணவன் உங்கள் முன் உட்கார்ந்திருக்கலாம். தண்ணீரைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் வலிக்காது. சொல்ல விரும்பாதவன் "வுஹா" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வான். அத்தோடு விட்டுவிட வேண்டும்.

அம்ஹாரிக்கில் கேட்பதென்றால்: "வுஹான் பெஇன்னாந்தெ குவான்குவா மின் திலாலாச்சிஹு?" உங்கள் மொழியில் தண்ணீரை என்னவென்று சொல்வீர்கள் என்று பொருள். பன்மையில் கேட்பதால் மரியாதைக் குறைவு வராது. ஒரு எச்சரிக்கை: கையில் இருக்கும் பாட்டிலைக் காட்டிக் கேட்காதீர்கள். "ஹைலண்ட்" என்பார்கள். பாட்டில் தண்ணீர் வந்த காலத்து வணிகப் பெயர் அது, இப்போது பிளாஸ்டிக் பாட்டிலுக்கே பெயராகிவிட்டது. நான் அதை ஒரு மொழியின் சொல் என்று நோட்டில் எழுதி, அம்பு போட்டு, கேள்விக்குறியும் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று பங்காளிகள்

செமித்திய, கூஷித்திய, ஒமோத்திய மொழிகள் மூன்றையும் ஆப்ரோ-ஆசிய மொழிகள் என்ற பெரிய குடும்பத்தில் சேர்க்கிறார்கள். ஒரே கொள்ளுத்தாத்தா வீட்டுப் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரபும் ஹீப்ருவும் அதே வீடுதான்.

அம்ஹாரிக், திக்ரின்யா, குராகே மொழிகள், ஹரார் நகரத்து ஹராரி ஆகியவை செமித்தியம். வீட்டில் யாரும் பேசாமல் தேவாலய வழிபாட்டில் மட்டும் வாழும் கீஸ் மொழியும் இதில்தான். ஒரோமோ, சோமாலி, அஃபார், சிடாமா, ஹதிய்யா, கொன்சோ ஆகியவை கூஷித்தியம். வொலாய்த்தா, காமோ, கோஃபா, தாவ்ரோ, காஃபா, பெஞ்ச், ஆரி, ஹாமர் ஆகியவை ஒமோத்தியம். கடைசிக் குடும்பத்தின் பெயர் ஒமோ ஆற்றிலிருந்து வந்தது. முன்பு இவற்றை மேற்குக் கூஷித்தியம் என்று சேர்த்து எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஹெரால்ட் ஃப்ளெமிங் என்ற அமெரிக்க அறிஞர்தான் இது தனி வீடு என்று பிரித்தார். இவை ஆப்ரோ-ஆசியத்தில் சேருமா என்று இன்றும் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு. மேற்கு எல்லையில் நூவெர், முர்சி போன்ற நீலோ-சகார மொழிகள் வேறு இருக்கின்றன. அவை இந்தப் பங்காளிகளில் சேராதவை, நான் அந்தப் பக்கம் போகவில்லை.

மொத்தம் எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள். 2007 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரோமோவைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 34 சதவீதம், அம்ஹாரிக்கைச் சொன்னவர்கள் 29 சதவீதம். நாட்டின் பெரிய தாய்மொழி அம்ஹாரிக் இல்லை என்பதே எனக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். 1995 அரசியலமைப்பு எல்லா மொழிக்கும் சமமான அங்கீகாரம் என்று சொல்லி, அம்ஹாரிக்கைக் கூட்டாட்சி அரசின் அலுவல் மொழியாக வைத்தது. 2020-இல் ஒரோமோ, திக்ரின்யா, சோமாலி, அஃபார் நான்கையும் அதில் சேர்ப்பதாக அரசு அறிவித்தது.

நம்பக்கூடிய இரண்டு சோதனைகள்

தண்ணீர் பேச்சைத் தொடங்கி வைக்கும், ஆனால் குடும்பத்தைக் காட்டிக்கொடுக்காது. கூஷித்தியத்துக்குள்ளேயே பாருங்கள்: ஒரோமோ பிஷான், கொன்சோ பிஷா, சோமாலி பியோ என்று கொஞ்சம் சேர்ந்து வரும். சிடாமாவில் வா, அஃபாரில் லே என்று திடீரென்று கை நழுவிவிடும். அதனால் அடுத்த கேள்வியாக ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். யாரும் மறுக்க மாட்டார்கள், சின்னப் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு எண்ணுவார்கள். இரண்டு, நான்கு, பத்து மூன்றை மட்டும் காது கொடுத்துக் கேளுங்கள்.

அம்ஹாரிக்கில் ஹுலெத், அராத், அசிர். திக்ரின்யாவில் கில்தே, அர்பாத்தே, அசெர்தே. ஒரோமோவில் லாமா, அஃபுர், குடன். சோமாலியில் லாபா, அஃபர், தோபன். கொன்சோவில் லாக்கி, அஃபுர், குடன். வொலாய்த்தாவிலோ நாஉ, ஒய்து, தம்மு. ஆக, "அர்" ஓடுகிற நான்கு செமித்தியம், "அஃப்" ஓடுகிற நான்கு கூஷித்தியம், "ஒய்து" என்றால் ஒமோத்தியம். சிடாமாக்காரர்கள் நான்குக்கு ஷோலெ என்று சொல்லி இந்த விதியைக் கெடுப்பார்கள். அவர்களுக்கு இரண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: லாமெ. ஒரோமோவின் லாமாவுக்குத் தங்கச்சி மாதிரி.

இரண்டாவது சோதனை "நான், நீ". என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் இதுதான் உறுதியானது, ஏனென்றால் எண்களைக் கடன் வாங்குகிற மொழிகூட "நான்" என்பதை லேசில் கடன் வாங்காது. அம்ஹாரிக்கில் இனெ, அந்தெ. ஒரோமோவில் அனி, அதி. அஃபாரில் அனு, அது. எல்லாம் ஒரே அச்சு. வொலாய்த்தாவுக்கு வந்தால் தானி, நேனி, "நாம்" என்பதற்கு நூனி. அச்சே வேறு. ஒமோத்தியம் தனி வீடு என்று சொல்கிறவர்களின் பலமான சாட்சிகளில் இதுவும் ஒன்று. அதே ஒமோத்தியத்தில் தெற்கே இருக்கும் ஹாமர் மக்களிடம் கேட்டால் "நான்" இந்தா, தண்ணீர் நோகோ. வொலாய்த்தாவின் தானிக்கும் ஹாத்தாவுக்கும் இவற்றோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஒமோத்தியம் ஒரே குடும்பமா, இரண்டா என்ற சண்டை எங்கிருந்து வருகிறது என்பது அந்த இரண்டு சொற்களிலேயே புரிந்துவிடும்.

இங்கேதான் தமிழர்கள் வழுக்குவார்கள்

வொலாய்த்தாவின் "நேனி" என்பதைக் கேட்டதும் உங்களுக்கு "நீ" ஞாபகம் வந்திருக்கும். எனக்கும் வந்தது. ஒரோமோவில் மனா என்றால் வீடு. உடனே "மனை!" என்று துள்ளத் தோன்றும். அப்பாவுக்கு அபா. இப்படி ஏழெட்டுச் சேர்ந்ததும் ஒருநாள் இரவு உட்கார்ந்து, ஒமோ ஆற்றங்கரைக்கும் தாமிரபரணிக்கும் பாலம் போட்டுப் பெரிய கட்டுரையே எழுதிவிட்டேன். மறுநாள் ஒரோமோ மாணவி ஒருத்தியிடம் அம்மாவுக்கு என்ன சொல்வீர்கள் என்று ஆசையாகக் கேட்டேன். "ஹாடா" என்றாள். "அம்மா இல்லையா?" என்றேன். "அம்மா என்றால் இப்போது" என்றாள். எங்கள் மொழியில் அம்மா என்றால் 'இப்போது', 'உடனே' என்று அவள் விளக்க விளக்க, கட்டுரை பைக்குள்ளேயே கிழிந்தது.

சொற்கள் தற்செயலாக ஒத்துப்போகும். எண்பது மொழியில் ஆயிரம் ஆயிரம் சொல் இருந்தால் ஒத்துப்போகாமல் இருந்தால்தான் ஆச்சரியம். அங்கேயே உள்ளுக்குள்ளும் இந்தக் குழப்பம் உண்டு. அம்ஹாரிக்கில் ஆர்பா என்றால் நாற்பது, ஒரோமோவில் யானை. எங்கள் ஊர்ப் பெயர் அம்ஹாரிக்: ஆர்பா மிஞ்ச், நாற்பது ஊற்று. ஒரோமோப் பிள்ளைகள் அதை யானை ஊற்று என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

இதற்கு நேர்மாறாக, வாக்கிய அமைப்பில் நாம் அங்கே வீட்டுக்காரர் மாதிரி. அரபும் ஹீப்ருவும் தெரிந்தவர்கள் அம்ஹாரிக்கின் வினைச்சொல் கடைசியில் வருவதைப் பார்த்துத் திணறுவார்கள். நமக்கு அது பழகிய பாதை. "பெல்தோ மெத்தா" என்றால் சொல்லுக்குச் சொல் "சாப்பிட்டு வந்தான்". "இமெத்தாலெஹு பிலோ ஹேதெ" என்றால் "வருகிறேன் என்று போனான்". அந்த "பிலோ" நம் "என்று" போலவே, 'சொல்' என்ற வினையிலிருந்து பிறந்தது. "கம்மென்று இரு" என்கிறோமே, அதற்கு அம்ஹாரிக்கில் "ஸிம் பெல்", அதாவது 'ஸிம் என்று சொல்'. ஒரோமோவில் "ச்சல் ஜெடி", 'ச்சல் என்று சொல்'. வொலாய்த்தாவிலும் இந்தக் கட்டு உண்டு. வகுப்பில் சத்தம் கூடும்போது மூன்று மொழியிலும் வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன், சிரிப்பில் சத்தம் இன்னும் கூடிவிடும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்த அமைப்பை வைத்து எது எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க முடியாது. மூன்று குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஆயிரக்கணக்கான வருடம் இருந்ததில் பழக்கவழக்கம் ஒட்டிக்கொண்டது. கீஸ் மொழியில் வினைச்சொல் பெரும்பாலும் முதலில் வரும். அதன் உறவான அம்ஹாரிக் அதைக் கடைசிக்குத் தள்ளியதற்குக் கூஷித்திய அண்டை வீட்டார்தான் காரணம் என்பது பலரின் கருத்து. அம்ஹாரிக் செமித்தியம் என்பது வாக்கியத்தில் தெரியாது, சொல்லின் எலும்பில் தெரியும். உடைப்பதற்கு ஸ, ப, ர என்ற மூன்று மெய்கள்தான் எலும்பு. செப்பெரெ என்றால் உடைத்தான், யிசெப்ரால் என்றால் உடைப்பான், தெசெப்பெரெ என்றால் உடைந்தது. நடுவில் உயிர்கள் மாறிக்கொண்டே இருக்கும். இப்படி உள்ளுக்குள் நெளிகிற சொற்களைக் கேட்டால் செமித்தியம் என்று நினைக்கலாம். ஒரோமோவும் வொலாய்த்தாவும் நம்மைப் போலப் பெரும்பாலும் வாலைத்தான் நீட்டும்.

காதுக்கு

தொண்டையை ஒரு கணம் மூடிக்கொண்டு 'த்', 'க்', 'ச்' ஆகியவற்றை வெடிக்கிற ஒலிகள் இருக்கின்றன. நான் குடியிருந்த வீட்டு அம்மா சாப்பாட்டை வைத்தே சொல்லித் தந்தார்: தெஃப், தெஜ், தெல்லா, ச்செவ், கொலோ. தானியம், தேன் மது, வீட்டு பீர், உப்பு, வறுத்த பார்லி. ஐந்திலும் முதல் எழுத்து வெடிக்க வேண்டும். அம்ஹாரிக், ஒரோமோ, வொலாய்த்தா மூன்றிலும் இந்த வெடிப்பு உண்டு. சோமாலியிலும் அஃபாரிலும் இல்லை, பதிலாக அரபு மாதிரித் தொண்டை அடியிலிருந்து வரும் ஒலிகள் இருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் திக்ரின்யா. அம்ஹாரிக்கையும் திக்ரின்யாவையும் தூரத்திலிருந்தே பிரிக்க எனக்கு இந்தத் தொண்டை ஒலிதான் கைகொடுத்தது. ஒரோமோவில் வெண்ணெயை டடா என்பார்கள். அந்த 'ட' நாக்கை மடித்து உள்ளே இழுக்கிற ஒலி, நம் 'ட'வுக்கு அண்டை வீடு. மேற்கே பெஞ்ச் மொழிக்காரர்கள் ஐந்து சம சுருதிகளில் பேசுவார்கள், அதற்கு மேல் ஏறுகிற சுருதி ஒன்றும் உண்டு. என் பெஞ்ச் மாணவன் ஒரே சொல்லை நாலு விதமாகச் சொல்லிக் காட்டினான், எனக்கு நாலும் ஒன்றுதான்.

நோட்டை ஆங்கில எழுத்தில் எழுதாதீர்கள். இதில் நான் பிடிவாதக்காரி. அங்குள்ள மொழிகளுக்குக் குறில், நெடிலும் மெய் இரட்டிப்பதும் உயிர்நாடி, தமிழ் எழுத்தில் இரண்டும் தானாக வந்துவிடும். அம்ஹாரிக்கில் "அலெ" என்றால் சொன்னான், "அல்லெ" என்றால் இருக்கிறான். "கெனா" என்றால் இன்னும் இல்லை, "கென்னா" என்றால் கிறிஸ்துமஸ். அவர்களுடைய சொந்த எழுத்தில் இந்த இரட்டிப்பைக் காட்ட வழியில்லை, இரண்டையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். படுவுக்கும் பட்டுவுக்கும் பேதம் தெரிந்த நமக்கு இது லாபம். தமிழில் இல்லாதது இரண்டு: வெடிப்பொலிக்கு மேலே ஒரு புள்ளி போட்டுக்கொண்டேன், ga, ba போன்ற மெல்லிய ஒலிகளுக்கு அடிக்கோடு.

சொந்த எழுத்து என்றேனே, அதன் பெயர் ஃபிதெல். பயப்படாதீர்கள், நம் உயிர்மெய் அட்டவணையேதான். அம்ஹாரிக்குக்கு 33 வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஏழு வடிவம், ஆக 231. 247 எழுதிப் பழகிய கைக்கு ஒரு மாதம் போதும். புள்ளி வைத்த மெய் மட்டும் கிடையாது. ஆறாவது வடிவம் மெய்யாகவும் வரும், ஒரு குற்றுயிரோடும் வரும், பழக்கத்தில்தான் பிடிபடும்.

ஒரோமோ 1991-க்குப் பிறகு இலத்தீன் எழுத்துக்கு மாறியது. அதை குபே என்பார்கள். சோமாலி 1972-இலேயே மாறிவிட்டது. பெயர்ப்பலகையில் எக்ஸ் எழுத்தைப் பார்த்தால் நிதானியுங்கள். ஒரோமோவில் அது வெடிக்கும் 'த்', சோமாலியில் தொண்டை 'ஹ', அஃபாரில் மடிநா 'ட'. ஹசன் என்ற சோமாலி மாணவன் எக்ஸில் தொடங்கித் தன் பெயரை எழுதியிருந்தான். நான் அரை வருடம் அவனை "செசன்" என்று கூப்பிட்டேன், பாவம், வந்துகொண்டிருந்தான். வொலாய்த்தாப் பாடப்புத்தகத்தில் சொல்லுக்கு நடுவே 7 என்ற எண் வந்தால் அச்சுப்பிழை இல்லை, தொண்டை அடைப்பு ஒலி. நாஉ என்று மேலே எழுதினேனே, இரண்டு என்ற அந்தச் சொல்லில் இரண்டு ஏழு வரும்.

யாரை எப்படிக் கூப்பிடுவது

அம்ஹாரிக்கில் "நீ" என்பதிலேயே ஆண், பெண் உண்டு. ஆணிடம் "இந்தெமின் நெஹ்?", பெண்ணிடம் "இந்தெமின் நெஷ்?", மரியாதையாக "இந்தெமின் நொத்?". எப்படியிருக்கிறீர்கள் என்பதுதான் மூன்றும். நான் மொழி கற்றது வீட்டு அம்மாவிடமும் காய்கறி விற்கும் பெண்களிடமும். அவர்கள் என்னிடம் பேசியது எல்லாம் பெண்பாலில். அதையே திருப்பி, வாசல் காவலரிடம், டிரைவரிடம், ஒரு மூத்த பேராசிரியரிடம்கூட "இந்தெமின் நெஷ்?" என்று இரண்டு மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை, முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டார்கள். பெண்கள் ஓர் ஆணிடமும், ஆண்கள் ஒரு பெண்ணிடமும் கூடுதலாகப் பாடம் கேளுங்கள். இன்னொன்று, பெண்ணை "வா" என்று கூப்பிடுவது "நெய்". தெருவில் யாராவது "நெய்! நெய்!" என்றால் நெய் விற்கவில்லை, உங்களைத்தான்.

வயதில் மூத்த ஆணை காஷே, மூத்த பெண்ணை எத்தியே, பாட்டி வயதுக்காரரை இமாமா என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. பெயர் விஷயத்தில் நமக்குச் சிரமமே இல்லை. அவர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, தன் பெயர், அடுத்து அப்பா பெயர். நம் இனிஷியல் பின்னால் போய் நிற்கிறது, அவ்வளவுதான். "அத்தோ" என்ற மரியாதைச் சொல்லை முதல் பெயரோடு சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் கடைசிப் பெயரோடு சேர்த்து, ஆளை விட்டு அவர் அப்பாவைக் கூப்பிடுவார்கள்.

நலம் விசாரிப்பதற்கு ஒரோமோவில் "அக்கம் ஜிர்த்தா?", பெரியவரிடம் "அக்கம் ஜிர்த்து?". வொலாய்த்தாவிலும் காமோவிலும் "சாரோ". சோமாலியில் "நபத்". பதில் வரும்போது சிலர் வாய் திறக்காமல் சட்டென்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். திடுக்கிட்டுவிட்டார் என்று பதறாதீர்கள், "ஆமாம்" என்று அர்த்தம்.

மொழியின் பெயரை அவர்கள் சொல்கிறபடியே சொல்லுங்கள். ஒரோமோக்காரர்களுக்கு அஃபான் ஒரோமோ, சோமாலிகளுக்கு அஃப் சோமாலி. அஃப், அஃபான் என்றால் வாய். வொலாய்த்தா தோனா என்பதில் தோனாவும் வாய்தான். நூலகத்துப் பழைய புத்தகங்களில் ஒரோமோவுக்கு "கல்லா" என்றும் வொலாய்த்தாவுக்கு "வொலாமோ" என்றும் இருக்கும். இரண்டும் வசவு, வாய் தவறியும் வேண்டாம்.

அதைவிடப் பெரிய தவறு, "காமோவும் வொலாய்த்தாவும் ஒண்ணுதானே?" என்பது. காதுக்கு அப்படித்தான் இருக்கும், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கொஞ்சம் புரியவும் செய்யும். வொலாய்த்தா, காமோ, கோஃபா, தாவ்ரோ நான்கையும் கலந்து "வொககோதா" என்று ஒரு மொழியை உண்டாக்கி, 1999-இல் தொடக்கப் பள்ளிப் பாடநூலாகவே கொண்டுவந்தார்கள். வொலாய்த்தா சோடோ நகரில் மாணவர்களும் ஆசிரியர்களும் தெருவில் இறங்கினார்கள், உயிர்ப்பலி ஆனது, புத்தகங்கள் திரும்பப் பெறப்பட்டன. அப்போது சிறுவனாக இருந்த ஒரு மாணவன் என்னிடம் சொன்னது: "புத்தகத்தில் இருந்தது எல்லாம் புரிந்தது மேடம். ஆனால் அது யாருடைய வாயும் இல்லை."

பயிற்சிக்கு ஒரு சாலை

அடிஸ் அபாபாவிலிருந்து புத்தாஜிரா, வொராபே, ஹொசானா, சோடோ வழியாக ஆர்பா மிஞ்ச் வரும் சாலையில் ஒருமுறை பகலில் வாருங்கள். நகரத்தின் பெயரே பாடம்: அம்ஹாரிக்கில் அடிஸ் அபாபா, புதுப் பூ. ஒரோமோவில் அதே ஊர் ஃபின்ஃபின்னே. வெளியே வந்ததும் பலகைகளில் இலத்தீன் எழுத்து ஒரோமோ தொடங்கும். பேருந்து டீக்கு நிற்கும் ஊர்களில் இறங்கி இரண்டு வரை எண்ணச் சொல்லுங்கள். புத்தாஜிராவில் குராகே, வொராபேயில் சில்தே, இரண்டும் செமித்தியம். ஹொசானாவில் ஹதிய்யா, கூஷித்தியம், தண்ணீருக்கு வொஒ. சோடோவில் ஹாத்தா வந்துவிடும். ஒரே நாளில் மூன்று வீட்டு வாசலையும் மிதித்துவிடலாம். ஊர்ப் பெயர்களில் தண்ணீரைத் தேடுவதும் நல்ல பொழுதுபோக்கு. ஒரோமோவில் லகா என்றால் ஆறு, லெகெதாஃபோ அப்படி வந்தது. அந்தத் தெம்பில் அடிஸ் அபாபாவின் லெகெஹாரையும் நான் ஆற்றுக் கணக்கில் எழுதிவிட்டேன். அது ரயில் நிலையம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல், லா கார்.

ஆர்பா மிஞ்ச் வந்துவிட்டால், மேலே மலையில் தோர்ஸே நெசவாளர்களிடம் காமோ கேளுங்கள். தெற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் கொன்சோ. அங்கே தண்ணீர் மறுபடியும் பிஷாவாகிவிடும். அதற்கும் அப்பால் வெய்த்தோ ஆற்றங்கரையில் ஒங்கோத்தா என்ற மொழி. அதைப் பேசுகிற முதியவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான், அடுத்த தலைமுறை பக்கத்துக் கூஷித்திய மொழியான ட்ஸமாக்கோவுக்கு மாறிவிட்டது. எந்தக் குடும்பத்தில் சேர்ப்பது என்று அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள். என் நோட்டில் அந்த வரி காலியாகத்தான் இருக்கிறது. பேருந்து அங்கே பத்து நிமிஷம் நின்றது, நான் தூங்கிவிட்டேன்.

காரணம், கொன்சோ வழியாக ஜிங்கா போகும் அந்தப் பேருந்து 12 மணிக்கு என்று சொல்வார்கள். அவர்கள் கடிகாரம் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவது, நம் பழைய நாழிகை மாதிரி. அவர்கள் 12 என்பது நம் விடிகாலை 6. நான் முதல் தடவை நடுப்பகலில் சாப்பாட்டு மூட்டையோடு போய் நின்று திரும்பினேன். அடுத்த தடவை பயத்தில் நாலு மணிக்கே எழுந்துவிட்டேன். நீங்கள் ஐந்தரைக்குப் போய் ஜன்னலோரம் பிடியுங்கள், வெய்த்தோ வரும்வரை தூங்காதீர்கள்.